அலை தொலையாத வீடு

வானத்தில் எறியப்படும் ஒரு வார்த்தைகூட இனி மலாக்காவின் காஜா பேராங் பகுதியில் தொலையாது என்று பொன்னுதுரை அறிவித்தபோது, மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. இரண்டில் எது பெரிய செய்தி என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.

அவர் பண்டார் ஹிலிரில் தையல் இயந்திரம் விற்பவர். ரேடியோ நுட்பத்தைத் தபால் வழியே கற்றவர். பாடங்கள் பம்பாயிலிருந்து கப்பலில் வந்தன. கடைசிப் பாடம் மட்டும் வந்து சேரவில்லை. அதில் என்ன இருந்திருக்கும் என்பதை அவரே யூகித்துக்கொண்டார். சிங்கப்பூரில் கல்லூரி, மலாக்காவில் விடுமுறை என்று இருந்த நான் அவர் வீட்டு முன்னறையில் குடியிருந்தேன். வாடகையில் பாதியைப் பணமாகவும் மீதியை வியப்பாகவும் செலுத்திவந்தேன்.

அறிவிப்புக்குக் காரணம் ஒரு செப்புக் கம்பி. தன் வீட்டுச் சன்னலிலிருந்து அதைக் கிளப்பி, சந்துக்கு மேலே கொண்டுபோய், எதிரே கம்போங் செட்டி ஓரத்தில் இருந்த அண்ணாமலை வீட்டுக் கூரை முகட்டில் கட்டியிருந்தார். அதுதான் ஏரியல். அண்ணாமலை மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன் வந்து குடியேறிய தமிழ் வம்சம். நெற்றியில் திருநீறு, நாக்கில் மலாய். கம்பி எதற்கு என்று பொன்னுதுரை நீண்ட நேரம் விளக்கினார். அண்ணாமலை பொறுமையாகக் கேட்டுவிட்டு "தாக் அப்பா லா" என்றார். பரவாயில்லை, கட்டிக்கொள் என்று பொருள். விளக்கம் புரிந்தது என்று பொருள் இல்லை. இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அண்ணாமலையிடமும் ஒரு பழைய ரேடியோ உண்டு. அதற்கு ஏரியல் அண்ணாமலைதான். கம்பி முனையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கிச் சன்னல் விளிம்பில் வைத்தால் கோலாலம்பூர் வரும். காலை இறக்கினால் இரைச்சல் வரும். தினமும் செய்தி முடியும்வரை அப்படியே நிற்பார். இது எங்கள் சன்னலிலிருந்து தெளிவாகத் தெரியும்.

"பாருங்க தம்பி," என்று பொன்னுதுரை என்னை அழைத்துக் காட்டுவார். "நாடு சுதந்திரம் வாங்கப் போவுது. இந்த ஆளு கொக்கு மாதிரி நின்னு அதைக் கேக்குறாரு. மூக்கு அரிச்சுதுன்னா அரசாங்கமே பாதியில நின்னுடும் லா."

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு ருக்மணி அக்கா வந்தார். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

"தம்பி, சனிக்கிழமை சாயங்காலம் ஒன் ரேடியோ வேலை செய்யுமா?" என்று பொன்னுதுரையிடம் கேட்டார்.

"அக்கா, சூரியன் வேலை செய்யுமான்னு கேப்பீங்களா?"

"மழை பேஞ்சா அது செய்யாதுல்ல?"

அவர் மகள் சீதா கோலாலம்பூரில் தாதிப் பயிற்சியில் இருந்தாள். சுதந்திர தினச் சிறப்பு நிகழ்ச்சியில் பயிற்சி மாணவிகள் சேர்ந்து பாடப்போகிறார்கள். பாட்டுக்கு முன்னால் ஒருத்தி மட்டும் மைக் எதிரே நின்று, தன் ஊரையும் பேரையும் சொல்லி நாட்டுக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும். யார் சொல்கிறீர்கள் என்று கேட்டபோது சீதா கையைத் தூக்கிவிட்டாளாம். லாரி ஓட்டும் அவள் அப்பா கோலாலம்பூர் வழியாக வரும்போது கேட்டுவந்த செய்தி இது. சொல்லிவிட்டு அவர் ஜொகூருக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து ருக்மணி அக்கா உட்காரவில்லை.

காரணம், சீதாவுக்குத் திக்குவாய். எல்லா எழுத்திலும் இல்லை, 'ம'வில் மட்டும். சின்ன வயதில் மஞ்சள் வாங்கக் கடைக்கு அனுப்பினால் சீரகத்தோடு திரும்புவாள். மிளகு என்றால் உப்பு வரும். அந்த வீட்டு ரசம் பல வருடம் அப்படித்தான் இருந்தது. பாடும்போது மட்டும் திக்காது. இப்போது அவள் நாடு முழுவதும் கேட்க, "மலாக்கா" என்று ஆரம்பிக்கப் போகிறாள்.

"நேரா ஒலிபரப்புறாங்களாம் தம்பி. நின்னா நின்னதுதான். அவ சொல்லிட்டான்னு ஏங் காதால கேட்டாப் போதும். சொல்ல முடியலன்னா அதையும் ஏங் காதால கேட்டுக்கறேன். ஆனா நடுவுல சத்தம் நின்னுபோச்சுன்னா, அவ நின்னாளா, ஒன் ரேடியோ நின்னுச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பொன்னுதுரைக்கு இது பிடித்த வகைக் கேள்வி.

"ரொம்பச் சுலபம்க்கா. அலை போயிடுச்சுன்னா ரேடியோ பொரியும். எண்ணெயில அப்பளம் போட்ட மாதிரி. பொரியாம அமைதியா இருந்துச்சுன்னா, அலை வந்துகிட்டுத்தான் இருக்கு, பேசுற ஆளுதான் பேசல. நம்ம செட்டு பொரியவே பொரியாது. அதனால சத்தம் நின்னா, அது..."

அந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்பது அவருக்கே அப்போதுதான் கேட்டது. கனைத்துக்கொண்டு, காப்பி குடிக்கிறீர்களா என்றார்.

ருக்மணி அக்கா காப்பி குடிக்கவில்லை. ஆனால் பாடத்தை மறக்கவும் இல்லை. அதன்பின் காலையில் வந்து ரேடியோவைப் போடச் சொன்னார். மத்தியானம் வந்து போடச் சொன்னார். செய்தியையோ பாட்டையோ அவர் கேட்கவில்லை, இடைவெளிகளைக் கேட்டார். அறிவிப்பாளர் மூச்சு வாங்கினால் இவர் மூச்சை நிறுத்தினார். "பொரியலையே?" என்பார். "பொரியாதுக்கா" என்பார் பொன்னுதுரை, நெஞ்சை நிமிர்த்தி. பொரியாதது நல்லதா கெட்டதா என்று புரியாமல் அக்கா வீட்டுக்குப் போய், அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு, மறுபடி வருவார். வெள்ளிக்கிழமைக்குள் நானும் புத்தகத்தின் ஒரே பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சந்து முழுக்க யாருக்கும் எதிலும் கை ஓடவில்லை.

சனிக்கிழமை வந்தது. நாடு சுதந்திரம் பெற்றது. காலையிலிருந்து வெடிச்சத்தம். மத்தியானம் ஒரு மழை. அது விட்டதும் பொன்னுதுரை ரேடியோவை ஈரத்துணியால் ஒரு தரமும் உலர்ந்த துணியால் ஒரு தரமும் துடைத்துப் போட்டுவிட்டு, ஏரியலைக் கடைசியாக ஒருமுறை பார்வையிடச் சன்னலைத் திறந்தார்.

ஏரியல் முழுக்க மாவிலை தொங்கியது.

நல்ல நாள் என்றால் செட்டி வீடுகளில் வாசலுக்கு மேலே மாவிலைத் தோரணம் கட்டுவார்கள். இதைவிட நல்ல நாள் எப்போது வரும்? வழக்கமாக ஒரு முழக் கயிறுதான். இந்தத் தடவை யாரோ புண்ணியவான் சந்தின் அகலத்துக்கே கம்பி இழுத்துக் கொடுத்திருக்கிறார். அண்ணாமலை முகட்டுப் பக்கத்து முடிச்சை அவிழ்த்துக் கம்பியை இறக்க, அவர் மனைவி மீனாச்சி இலைகளைக் கோத்து, நடுநடுவே காகிதக் கொடியும் செருகியிருந்தார். பிறகு இருவருமாக இழுத்து முறுக்கேற்றிக் கட்டிவிட்டார்கள். மழையில் நனைந்த இலைகள் மினுங்கின. பார்க்க உண்மையிலேயே நன்றாக இருந்தது.

"சந்தேக் கான்?" என்று மீனாச்சி கீழேயிருந்து கேட்டார். அழகா இருக்கா?

"அண்ணாமலை! இனி ஏரியல் லா! ஏரியல்!" என்று பொன்னுதுரை மலாயில் கத்தினார். இது ஏரியல் என்று பொருள்.

"புக்கான்," என்று அண்ணாமலை மரியாதையோடு மறுத்தார். "தோரணம்."

அவருக்குத் தெரிந்த சில தமிழ்ச் சொற்களில் அது ஒன்று. சரியான இடத்தில் பயன்படுத்திய திருப்தி முகத்தில் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து ஈர இலைகளின் கனம் தாங்காமல் கம்பி எங்கள் சன்னலுக்கு ஒரு கை தூரத்தில் அறுந்தது. தோரணம், கொடி, காஜா பேராங்கின் மொத்த வானமும் சந்துச் சாக்கடையில் இறங்கின.

ரேடியோ பொரிய ஆரம்பித்தது.

ருக்மணி அக்கா பட்டுப்புடவையில் வாசற்படி ஏறிக்கொண்டிருந்தார். படியிலேயே நின்றார். "தம்பி, பொரியுது."

"ஒண்ணுமில்லக்கா. சின்னத் தொழில்நுட்பம்."

சுவர்க் கடிகாரத்தில் ஐந்தாகப் போகிறது. நிகழ்ச்சி ஐந்துக்கு. விடுமுறை நாள், கடை எதுவும் திறந்திருக்காது. பொன்னுதுரை திருப்புளியை எடுத்தார், வைத்தார். பீரோவைத் திறந்தார், மூடினார். கொல்லைப்பக்கம் ஓடினார், வெறுங்கையோடு வந்தார். ரேடியோவின் தலையில் தட்டினார். அது அப்பளத்திலிருந்து வடகத்துக்கு மாறியது. கடைசியில், யாரும் கவனிக்காதபோது செய்வதுபோல, சன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பித் துண்டைப் பிடித்தார்.

பொரியல் நின்றது. ஒரு பெண் குரல், தமிழில், அடுத்த நிகழ்ச்சியை அறிவித்துக்கொண்டிருந்தது.

கையை எடுத்தார். பொரிந்தது. பிடித்தார். குரல் வந்தது.

"தற்காலிக ஏற்பாடு," என்று என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். நான் வாடகையின் ஒரு பகுதியை வியப்பாகச் செலுத்தினேன். சிரிக்கவில்லை. அப்போது சிரிக்கக்கூடிய நிலையில் அந்த அறையில் யாரும் இல்லை. மீனாச்சி மன்னிப்புக்குப் பதிலாக ஒரு தட்டுப் பலகாரத்தோடு வந்து கதவருகே நின்றார்.

"தாதிப் பயிற்சி மாணவிகள் சார்பில் ஒரு வாழ்த்து," என்றது ரேடியோ.

பிறகு எதுவும் சொல்லவில்லை.

பொரியவும் இல்லை. கழுவித் துடைத்துவைத்த பாத்திரம் போல ஓர் அமைதி. அறையில் எல்லாருக்கும் அந்தப் பாடம் தெரியும். அலை வந்துகொண்டிருக்கிறது, பேசுகிற ஆள்தான் பேசவில்லை. ருக்மணி அக்கா ரேடியோவின் துணித்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் மூடியிருந்தன. 'ம' சொல்வதற்கு மூடுவதுபோல மூடியிருந்தன. அவரும் சொல்ல முயன்றுகொண்டிருந்தார். அமைதி நீண்டது. புடவைத் தலைப்பு மெல்ல வாய்க்கு ஏறியது.

நான் பொன்னுதுரையைப் பார்த்தேன். அவர் ருக்மணி அக்காவின் முதுகைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார்.

விரல்களைத் திறந்தார்.

ரேடியோ வெடித்துப் பொரிந்தது.

"பொரியுது!" என்று ருக்மணி அக்கா திரும்பினார். மலாயாவில் இரைச்சலைக் கேட்டு அப்படி முகம் மலர்ந்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை. "தம்பி, பொரியுது! ஒன் ரேடியோதான்!"

"கை நழுவிடுச்சுக்கா. மழை ஈரம். மன்னிச்சுக்குங்க," என்றபடி பொன்னுதுரை பாய்ந்து பிடித்தார்.

"—லாக்கா, காஜா பேராங், சீதா பேசுகிறேன். நாட்டு மக்கள் எல்லாருக்கும் எங்கள் இனிய சுதந்திர தின வாழ்த்துகள்."

ஒரே ஓட்டம். 'மக்கள்'கூட வழுக்கிக்கொண்டு வந்தது. முதல் எழுத்து மட்டும் வானத்தில் எங்கேயோ தொலைந்துபோனது.

"அதுக்கு முன்னால என்ன சொன்னா? நீ விட்ட நேரத்துல?"

"சரியாத்தான்க்கா சொல்லியிருப்பா. என் செட்டுதான் விட்டுடுச்சு."

இந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து நான் முதன்முறையாகக் கேட்டேன். ருக்மணி அக்கா ஒரு வாரத்துக்குப் பிறகு உட்கார்ந்தார். மீனாச்சி தட்டை நீட்ட, எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தேங்காயாகச் சிரித்தார். பாட்டு ஆரம்பித்தது. எத்தனையோ குரல்களில் தன் மகள் குரல் எது என்று விரல் நீட்டிக் காட்டினார். விரல் காட்டிய இடம் ரேடியோவின் இடது மூலை.

பாட்டின் நடுவே குரல்கள் மங்கத் தொடங்கின. பொன்னுதுரை கம்பியை இறுக்கினார். பயனில்லை. அப்பளம் தூரத்தில் பொரியத் தொடங்கியது.

எதிர்ச் சன்னலில் அண்ணாமலை நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றிருந்தார் என்று தெரியாது. அவர் முகத்தில் கிண்டல் இல்லை. ஒரே தொழிலில் இருப்பவரின் அக்கறைதான் இருந்தது. தன் தொடையைத் தட்டிக் காட்டினார்.

"காக்கி," என்றார் மெதுவாக. "காக்கி நாயிக்."

கால். காலைத் தூக்கு.

பொன்னுதுரை என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன். அவர் வேட்டியை லேசாக ஒதுக்கி, இடது காலைத் தூக்கிச் சன்னல் விளிம்பில் வைத்தார்.

பாட்டு தெளிந்தது. அது முடிந்து, அடுத்தது முடிந்து, நிகழ்ச்சி முடியும்வரை அவர் அசையவில்லை. இடையில் ஒருமுறை மூக்கு அரித்தது போலிருந்தது. சொறியவில்லை.