நின்ற ஐயா, உட்கார்ந்த ஐயா

தீயணைப்பு வண்டியின் குழாயிலிருந்து பீறிடும் தண்ணீர் மில் ஐயா சிலையின் வெண்கலத் தோளில் விழுந்து, மடியில் தேங்கி, முழங்கால் வழியாகப் பீடத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது, நாளை அவருடைய பிறந்தநாள், மாலை போட ஆட்கள் வருவார்கள், ஒரு வருஷத்துக் காக்கை எச்சமும் கரிசல் புழுதியும் கரைந்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டு மில் வாசலில் நிற்கிறேன், எத்தனை வயதில் நிற்கிறேன் என்று கேட்டால் சட்டென்று சொல்லத் தெரியாது, ஐம்பத்தொன்பது என்கிறது மூட்டுவலி, ஆனால் இருபத்தாறு வயதில் இதே பீடத்தின் நிழலில், ஊதாப்பூ போட்ட சேலையில், இரண்டு மணி நேரம் ஒரு மனிதருக்காகக் காத்து நின்றவளும் நான்தான், அவள் இன்னும் வீட்டுக்குப் போகவில்லையோ என்று சில சமயம் தோன்றும்.

அவர் பெயர் பேச்சியப்பன், சாத்தூரில் லேத் பட்டறையில் வேலை, பெண் பார்க்க வந்த அன்று காபித் தம்ளரை நீட்டிய நேரத்தில் அவர் முகத்தை அரைகுறையாகப் பார்த்ததோடு சரி, வைகாசியில் முடித்துவிடலாம் என்று சித்தப்பா சொல்கிறார், பொண்ணு வேலைக்குப் போகுமா என்று அவர்கள் வீட்டுப் பெரியவர் கேட்க, கல்யாணத்துக்கப்புறம் எதுக்குங்க வேலை என்று அதற்கும் சித்தப்பாவே பதில் சொல்லிவிட்டார், என்னை யாரும் கேட்கவில்லை, எனக்குச் சொல்ல இரண்டு விஷயங்கள் இருந்தன. நூலைச் சிட்டமாகச் சுற்றும் பகுதியில் என் பக்கத்தில் நின்று வேலை பார்த்த ஜெசிந்தாவின் அண்ணனும் அதே பட்டறையில்தான் இருந்தார், அவர் மூலமாகச் சீட்டு அனுப்பினேன், ஞாயிறு காலை பத்து மணிக்குச் சிலைக்குப் பக்கத்தில் வாருங்கள், இரண்டு விஷயம் பேச வேண்டும், வராவிட்டால் உங்களுக்குச் சம்மதமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

பத்து மணி ஆகிறது, பத்தரை ஆகிறது, வருகிற ஒவ்வொரு சைக்கிளும் அவராக இருந்து பக்கத்தில் வந்ததும் வேறு யாராகவோ ஆகிவிடுகிறது, பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கல்வெட்டைப் படிக்கிறேன், அரியநாயகம் அவர்கள், பிறப்பு 1839, நம் பருத்தி கப்பலேறிப் போய்த் துணியாகத் திரும்பிவருவதைக் காணப் பொறாமல் இச்சீமையின் முதல் நீராவி நூற்பாலையை நிறுவியவர், தூத்துக்குடித் துறையில் இறங்கிய எஞ்சினை முப்பத்தாறு ஜோடி மாடு பூட்டி இழுத்துவந்தவர், பத்து தடவை படித்ததில் மனப்பாடமாகிவிட்டது, வெயில் ஏற ஏறக் கண் மயங்குகிறது, அந்த மாடுகள் மில் ரோட்டில் வருகின்றன, பின்னால் தேர் மாதிரி எஞ்சின், முன்னால் குடை பிடித்தபடி ஐயா, வந்தாச்சாம்மா என்று என்னைக் கேட்கிறார், இன்னும் இல்லீங்கய்யா என்கிறேன், நானும் ஆத்து மணல்ல சக்கரம் பொதஞ்சு பதினேழு நாள் கெடந்தேன் தாயி, வந்து சேர்றது வந்து சேரும் என்கிறார், அப்போது மில்லில் பன்னிரண்டு மணிச் சங்கு பிடித்தது, மாடும் இல்லை, ஐயாவும் பீடத்துக்குத் திரும்பிவிட்டார், சம்மதமில்லை, அவ்வளவுதான். குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஜெசிந்தாவிடமாவது கொட்டித் தீர்க்கலாம் என்று ரயில்வே கேட்டைத் தாண்டியிருந்த அவள் வீட்டுக்கு நடந்தேன்.

அந்த இரண்டு மணி நேரமும் அவர் ரயில் நிலையத்தின் முன்னால் நின்றிருக்கிறார், அங்கேயும் ஓர் ஐயா, நின்ற கோலத்தில், வெளியூர்க்காரர்களுக்குச் சிலை என்றால் அதுதான், அது எனக்குத் தோன்றவே இல்லை, அங்கேயும் ஒரு கல்வெட்டு, அவரும் பத்து தடவை படித்திருக்கிறார், அதில் நாற்பது ஜோடி மாடு, முப்பத்தாறா நாற்பதா என்று எங்களுக்குள் இன்றுவரை வழக்கு ஓய்ந்தபாடில்லை. பன்னிரண்டு மணிக்கு டீக்கடைக்காரரிடம், சிலைக்கிட்ட வரச் சொன்னாங்க, ஆளக் காணோம் என்று புலம்ப, எந்தச் சிலைங்க, நின்ன ஐயாவா ஒக்காந்த ஐயாவா என்று அவர் கேட்டதும், பாதி டீயோடு தம்ளரை வைத்துவிட்டு ஓடிவந்திருக்கிறார்.

கேட் அடைத்திருந்தது, சரக்கு ரயில் போகிறது, பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையே எதிர்ப்பக்கம் ஒரு நீலச்சட்டை தெரிகிறது, மறைகிறது, முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்குகிறது, நிமிர்கிறது, என்னைப் பார்த்துவிட்டது, ரயில் போனதும் கேட் திறக்கும்வரை பொறுக்காமல் கம்பிக்கடியில் குனிந்து வந்தவர், ஏங்க, ஊருக்குள்ள ரெண்டு சிலைய வச்சிருக்கீங்களே, எதுன்னு எழுத மாட்டீகளா என்று மூச்சிரைக்கக் கேட்டார், கோபப்படத்தான் நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது, எங்களுக்குச் சிலைன்னா மில்லு வாசல்ல இருக்கிறதுதாங்க என்றேன். சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு எங்களைச் சுற்றிப் போகின்றன, அந்த இரைச்சலில்தான் சொன்னேன், நான் மில்லு வேலைய விட மாட்டேன், எங்கம்மா எங்கூடத்தான் இருப்பாக, அவுகளுக்கு என்னய விட்டா ஆளு கெடையாது, மில்லுத் தறியில நின்ன சத்தத்துல காதும் போயிருச்சு.

அவர் கழுத்து வியர்வையைத் துடைத்தார். பிறகு, எங்க வீட்ல அஞ்சு ஆம்பளைங்க, எனக்கு ஏழு வயசுல அம்மா போயிட்டாக, பொண்ணோட ஒரு அம்மாவும் வர்றாகன்னா வேணாம்னா சொல்லுவேன் என்றார், நான் இங்கெருந்தே சாத்தூருக்கு பஸ்ல போய் வந்துக்கிடுறேன், வாங்க, இப்பவே ஒங்கம்மாகிட்டச் சொல்லிருவோம்.

அம்மா லைன் வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள், அவர் அவள் முன்னால் குனிந்து, பட்டறையில் கத்திப் பழகிய குரலில், அத்தே, எனக்குச் சம்மதம் என்கிறார், வரிசையிலிருந்த பன்னிரண்டு வீட்டிலும் தலைகள் வெளியே வருகின்றன, யாரோ குலவை போடுகிறார்கள், அம்மா நிதானமாக நிமிர்ந்து, எதுக்குத் தம்பி இம்புட்டுச் சத்தம், தறி ஓட ஓட ஒதட்டப் பாத்தே கத பேசுனவ நானு, இவ மூஞ்சியப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு என்று அவர் கையைப் பிடித்து எழுந்துகொள்கிறாள், உள்ள வாங்க, ஒல கொதிக்குது, ரெண்டு பிடி அரிசி கூடப் போடுறேன்.