ஏறினா ரைட்டு, இறங்கினா லைட்டு

சாவியைத் திருப்பினாள். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினாள். இந்த முறை அந்த டிக்கும் இல்லை.

"விடுங்க அண்ணி. என் வண்டியில வந்துடுங்க," என்று கொழுந்தன் ஜன்னல் பக்கம் குனிந்தான். "அண்ணன ஏத்தியாச்சு. அந்த டிரைவர் வேற அவசரப்படுறாரு."

ஆஸ்பத்திரி வாசலில் அமரர் ஊர்தி பின்கதவைத் திறந்து போட்டபடி நின்றிருந்தது. காலையில் கண்ணை மூடிய அவள் கணவர் அதற்குள் இருந்தார். மகள் கதவருகே நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். இங்கிருந்து நேராக மின்மயானம், வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று முடிவாகியிருந்தது. யார் முடிவெடுத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருந்தாள். இது ஒன்றுக்குத்தான் ஆட்டவில்லை.

"நான் ஓட்டிட்டுதான் வருவேன்."

"இந்த நெலமையிலயா?"

"உங்கண்ணன் எங்க போனாலும் நான்தானே ஓட்டினேன்? இன்னைக்கு மட்டும் நான் யார் வண்டியிலயோ வரணுமா?"

சொந்தக்காரர்கள் எல்லோரும் வாய்க்கு வந்தபடி கேலி செய்து ஓய்ந்த விஷயம் அது.

அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. எல்லாம் கறுப்பு வெள்ளையிலேயே ஓடிவிட்டதால் பிழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் லைசென்ஸ் கேட்டுப் போன இடத்தில் கலர் புள்ளிகள் போட்ட அட்டையைக் காட்டி, இதில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டுவிட்டார்கள். "புள்ளிதான் தெரியுது" என்று சொல்லிவிட்டு வந்தவர், அன்றைக்கே அவளை ஓட்டப் பழகச் சொன்னார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு விடியற்காலை வேலை, பஸ்ஸை நம்பினால் கதை நடக்காது. "நீ டிரைவர், நான் க்ளீனர்," என்றார். அதிலிருந்து அவள் டிரைவரம்மா.

க்ளீனர் என்பது பேச்சுக்குச் சொன்னதில்லை. அவள் ஸ்டியரிங்கைத் தொடுவதோடு சரி, மற்றதெல்லாம் அவர் பாடு. இஞ்சின் சூடாவதற்கு முன் ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து அளவு பார்ப்பார். டயரில் காற்றையும் வண்டி கிளம்புவதற்கு முன்பே பார்ப்பார், ஓடிச் சூடான டயர் பொய் சொல்லும் என்பார். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்தால் வெந்நீர் விட்டுக் கழுவுவார். கலர் என்று வந்துவிட்டால் மட்டும் சமையலறைப் பக்கம் குரல் வரும்.

"டிரைவரம்மா! கொஞ்சம் வா. இந்தத் தண்ணி என்ன கலரு?"

ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்ப்பாள். "பச்சை."

"பழுப்பு கலக்கலையே?"

"பச்சைன்னா பச்சைதான். அங்க பால் பொங்குது."

"பால்தானே, பொங்கட்டும். ரேடியேட்டர் பொங்கினாதான் வம்பு."

பச்சை இருந்தால் என்ன, பழுப்பு இருந்தால் என்ன என்று அவள் கேட்டுக்கொண்டதில்லை. பார்ப்பது அவள், புரிந்துகொள்வது அவர். எத்தனை நாள் முணுமுணுத்துக்கொண்டே போய் எட்டிப் பார்த்திருக்கிறாள்! இப்போது ஒரே ஒரு தடவை கூப்பிட மாட்டாரா என்று இருந்தது. பால் பொங்கி அடுப்பே அணைந்தாலும் ஓடி வருவாள்.

வண்டி கிளம்பும்போது அவர்தான் கடைசியாக ஏறுவார். டயர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி, "போலாம், ரைட்டு!" என்று கண்டக்டர் மாதிரி ஒரு சத்தம். இறங்கும்போது ஒரே கேள்வி. "லைட்டு?" பழைய வண்டி. விளக்கை மறந்துவிட்டு இறங்கினால் கத்திக் கூப்பிடாது. "அணைச்சாச்சு" என்று அவள் வாயால் சொன்ன பிறகுதான் அவர் கதவைச் சாத்துவார். மதிய வெயிலிலும் கேட்பார்.

"பட்டப்பகல்ல எவளாவது லைட் போடுவாளா?"

"ஏறினா ரைட்டு, இறங்கினா லைட்டு. க்ளீனர் வேலைய க்ளீனர் பாக்கணும்ல?"

கொழுந்தன் மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டினான். "அண்ணி, லைட் சுவிட்ச் ஆன்லயே இருக்கு. நேத்து சாயங்காலத்துலேர்ந்து எரிஞ்சிருக்கு போல. அதான் பேட்டரி படுத்துடுச்சு."

அவள் கை சாவியிலேயே நின்றுவிட்டது.

நேற்று இருட்டும் நேரம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்து சீட்டில் அவர். அவள் கண்மண் தெரியாமல் ஓட்டினாள். "மெதுவாப் போ டிரைவரம்மா, முள்ளு நடுவுலதான் இருக்கு," என்று இஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைச் சுட்டி, வியர்வையோடு சிரித்தார். வாசலிலேயே அவரை ஸ்ட்ரெச்சரில் இறக்கிக்கொண்டு போனார்கள். அவள் வண்டியை இந்த மூலையில் தள்ளிவிட்டு உள்ளே ஓடினாள். இறங்கும்போது கேட்க ஆள் இல்லை.

காலையில் அவளை உள்ளே விட்டபோது, மூச்சுக்கு மாட்டியிருந்த மாஸ்க்குக்குள் அவர் உதடு அசைந்தது. காதைக் கொடுத்தாள். "லைட்டு," என்றார். தலைக்கு மேலிருந்த விளக்கு கண் கூசுகிறது போல என்று நினைத்து, நர்ஸைக் கெஞ்சி அதை அணைக்க வைத்தாள். அவர் மறுபடி அவளைப் பார்த்து உதட்டை அசைத்தார். "அணைச்சாச்சுங்க," என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நிம்மதியாகத்தான் மூடினார்.

அந்த நேரத்தில் இந்த விளக்கு இங்கே எரிந்துகொண்டிருந்திருக்கிறது, அல்லது எரிந்து ஓய்ந்திருக்கிறது.

கொழுந்தன் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினான்.

"அதுல கை வைக்காதீங்க!"

"அணைச்சா சீக்கிரம் ஸ்டார்ட் ஆகும் அண்ணி."

"மெதுவாவே ஆகட்டும். இறங்கும்போது நான் அணைச்சுக்கறேன். உங்க வண்டிய எடுத்துட்டு வந்து மூக்குக்கு மூக்கு நிறுத்துங்க."

கொழுந்தனின் வண்டி புதுசு. எதற்கும் சர்வீஸ் சென்டருக்கு ஓடுகிற ஆள், பானெட் திறக்கும் பிடியைத் தேடிக் காலடியில் தடவிக்கொண்டிருந்தான். "என் வண்டிக்கு ஒண்ணும் ஆகிடாதே?"

"மாத்தி மாட்டினாதான் ஆகும்."

டிக்கியில் ஸ்டெப்னி மேல் அவர் சுருட்டி வைத்த ஒயர் ஜோடி இருந்தது. சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. அவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே இருட்டு. முன்பு ஒருமுறை வழியில் நின்றுபோன யாருக்கோ உதவியபோது, அவள்தான் வெயிலில் நின்று கலர் சொன்னாள். அதற்குப் பிறகு அவரே ஒரு வழி செய்திருக்க வேண்டும். சிவப்பின் இரண்டு முனையிலும் துணி முடிந்திருந்தது. அவளுடைய ஊதாப் புடவையின் ஓரம். அந்தப் புடவையை அலமாரியைக் கவிழ்த்துத் தேடியபோது, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாரே மனுஷர். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு, அதுவரை வராத அழுகையும் வந்தது. முடிச்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். துணி கட்டியது முதலில் படுத்த பேட்டரியின் பிளஸ்ஸில். அடுத்த முனை ஓடுகிற வண்டியின் பிளஸ்ஸில். கறுப்பு அங்கே மைனஸில். "கடைசி முனைய பேட்டரியில வைக்காத, பொறி பறக்கும். தள்ளி, இஞ்சின் இரும்புல கடிக்க விடு." அன்று அவர் சொன்னதை அப்படியே செய்தாள். இன்று கலர் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

கொஞ்ச நேரம் விட்டுச் சாவியைத் திருப்பினாள். வண்டி இருமி, முக்கி, பிடித்துக்கொண்டது.

"இஞ்சின நிறுத்திடாதீங்க அண்ணி, மறுபடி கிளம்பாது," என்றான் கொழுந்தன், ஏதோ தானே கிளப்பிய மாதிரி.

மகள் முன்கதவைத் திறந்தாள். அவர் கால் நீட்டிக்கொள்ளப் பின்னால் தள்ளி வைத்திருந்த சீட்டைப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

கியர் போட்டாயிற்று. கிளட்ச்சிலிருந்து கால் வரவில்லை.

"என்னம்மா?"

"இரு."

முன்னால் ஊர்தியின் உதவியாள் பின்கதவை இழுத்துச் சாத்தினார். டிரைவருக்குக் கேட்கும்படி தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "போலாம், ரைட்டு!" என்று குரல் கொடுத்தார்.

அவள் கிளட்ச்சை விட்டாள்.

வழியெல்லாம் எதிரே வந்தவர்கள் விளக்கு எரிகிறது என்று விரலை மடக்கி விரித்துக் காட்டினார்கள். தலையாட்டிக்கொண்டே ஓட்டினாள். முள் நடுவில் இருந்தது.

மயானத்தில் கூரை போட்ட நீளமான முகப்பு. ஊர்தி அதன் நிழலுக்குள் போய் நின்றது, அவளும் பின்னாலேயே போய் நிறுத்தினாள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். மூடிய பின்கதவில் இரண்டு வெளிச்ச வட்டங்கள் விழுந்திருந்தன. மகள் இறங்கி, "அம்மா, எறங்கு," என்றாள். கொழுந்தன் வந்தான். யார் யாரோ வந்து நின்றார்கள். "லைட்டு?" என்று யாரும் கேட்கவில்லை.

சுவிட்சைத் திருகினாள். கதவில் வட்டங்கள் இல்லை.

"இப்பதாங்க அணைச்சேன்," என்றாள்.