தெரியாதுக்கு இரண்டு மதிப்பெண்

கொடைக்கானல் பஜாரில் சாக்லேட்டும் தைலமும் விற்கிற ஒலியுல்லாவின் மகள் ஹாஃபிஸா, தாவரவியலில் பட்டம் வாங்கிய கையோடு பி.எட். சேர்ந்தாள். பாடம் நடத்துவது எப்படி என்று அந்தக் கல்லூரி முதல் வருடம் பூராவும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றை மட்டும் கண்ணில் காட்டவில்லை.

நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒரு பயிற்சி. ஒருத்தி ஐந்து நிமிடம் டீச்சராக நிற்க, கூடப் படிக்கிறவர்கள் பத்துப் பேர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளாக உட்கார வேண்டும். அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, ஒருத்திக்குக் கைக்குழந்தை வேறு. "தாவரத்தின் சமையலறை எது?" என்று கேட்டால் பத்துப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு "இலை டீச்சர்" என்பார்கள். உலகத்திலேயே அப்படி ஒரு எட்டாம் வகுப்பு கிடையாது. யாரும் மூக்குறிஞ்ச மாட்டார்கள், ஒன்றுக்குப் போகணும் என்று விரலைக் காட்ட மாட்டார்கள். பிள்ளை வேஷத்தில் சத்தியபிரியாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. இரட்டைச் சடை போட்டு வந்து, தெரிந்த பதிலையே கொஞ்சம் யோசித்துத் திணறிச் சொல்வாள். டீச்சராக நின்றால்தான் அவளுக்குப் பாடம் மறந்துபோகும்.

இதையெல்லாம் மேற்பார்வையிட்டவர் முனைவர் சிவராமன். ஏழு கட்டம் போட்ட பாடத்திட்டப் படிவம் அவருக்கு வேதம். ஊக்குவித்தல் மூன்று நிமிடம், விளக்கம் பதினெட்டு நிமிடம், 'மிக நன்று' என்று பாராட்டுவது குறைந்தது நான்கு முறை. ஸ்கேல் வைத்துக் கோடு போடாத படிவத்தை அவர் படிக்கவே மாட்டார். கோடு நேராக இருந்தாலும் படிக்க மாட்டார், ஆனால் கையெழுத்துப் போடுவார்.

இரண்டாம் வருடம் பதினாறு வாரம் பள்ளிக்கூடத்தில் பயிற்சி. ஹாஃபிஸாவுக்குத் தாண்டிக்குடிப் பக்கம், காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு நடுநிலைப்பள்ளி கிடைத்தது. வெள்ளனே எழுந்து பஸ் பிடித்து, அப்புறம் ஜீப்பில் தொங்கிப் போய்ச் சேர்ந்தவளைத் தலைமையாசிரியர் சூசைமுத்து வாசலிலேயே வந்து வரவேற்றார். எட்டு வகுப்புக்கு அவரையும் சேர்த்து மூன்று பேர்தான். பயிற்சிக்கு வந்திருக்கிறேன் சார் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் ஏழாம் வகுப்பையும் எட்டாம் வகுப்பையும் அவள் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டார். இரண்டும் ஒரே அறை. ஏழு கிழக்குச் சுவரைப் பார்த்து உட்காரும், எட்டு மேற்குச் சுவரைப் பார்த்து உட்காரும். நடுவில் நிற்கிறவர் எந்தப் பக்கம் ஊக்குவிப்பது என்று படிவத்தில் கட்டம் இல்லை.

ஒரு மாதத்தில் சளியும் சண்டையும் அவளுக்குப் பழகிவிட்டன. ஐந்தாவது வாரம் சிவராமன் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. ஹாஃபிஸா இரண்டு நாள் உட்கார்ந்து தெர்மாகோலில் முழ நீளத்துக்கு ஒரு இலை வெட்டினாள். பச்சை அடித்தாள். இலைத்துளைகளைக் காட்டுவதற்குக் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒரு அட்டை வாங்கி, கடைசி பெஞ்சுக்கும் தெரிகிற மாதிரி இலையின் மேல்பக்கம் பூராவும் ஒட்டினாள்.

கொண்டைஊசி வளைவுகளில் ஏறி வந்த சிவராமன், எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். தெர்மாகோல் இலையைப் பார்த்ததும் முகம் தெளிந்து, கற்பித்தல் உபகரணத்துக்குப் பத்துக்கு ஒன்பது போட்டார். ஊக்குவித்தல் நல்லபடியாகவே நடந்தது. விளக்கத்தில் ஆறாவது நிமிடம், முன்வரிசையிலிருந்து வள்ளி எழுந்தாள். அவள் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. அம்மா இங்கே காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போகிறாள்.

"டீச்சர், அட்டையில எதுக்கு வெட்டுனீங்க? வேலிக்கு அந்தப்பக்கம் செடியே கெடக்கே."

ஹாஃபிஸா ஜன்னல் வழியாக வேலியை எட்டிப் பார்த்தாள். ஏழாம் வகுப்பும் திரும்பி எட்டாம் வகுப்போடு சேர்ந்துகொண்டது. சரி, வாங்க போய்ப் பார்ப்போம் என்று அவள் சொன்னதுதான் தாமதம், அறை காலியானது. வேலியோரத்துக் காப்பிச் செடியில் ஒரு இலையை வள்ளி புரட்டிக் காட்டினாள். அடியில் ஆரஞ்சு நிறத்தில் பொடி அப்பியிருந்தது. துரு என்று அம்மா சொல்வாளாம், மருந்து அடிக்கிற சோலி அதனால்தான் வருகிறதாம்.

"இது ஏன் டீச்சர் அடியில மட்டும் புடிக்குது? மேல ஒரு பொட்டுக்கூட இல்லியே."

ஹாஃபிஸா இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காது சூடேறியது. "எனக்குத் தெரியல வள்ளி. கேட்டுட்டு வந்து நாளைக்குச் சொல்றேன்."

பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தனியாக அறையில் உட்கார்ந்திருந்த சிவராமன்தான் எடுத்துக்கொண்டார். வகுப்பறைக் கட்டுப்பாடு என்ற கட்டத்துக்கு நேராக, 'வகுப்பறையில் யாரும் இல்லை' என்று எழுதிப் பத்துக்கு இரண்டு போட்டிருந்தார். அந்த இரண்டும், போன பிள்ளைகள் சத்தம் போடாமல் போனதற்காக இருக்கலாம். பிறகு அவளைத் தனியே கூப்பிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

"டீச்சர் வாயில தெரியாதுங்கிற வார்த்தையே வரக்கூடாதும்மா. நல்ல கேள்வி, அடுத்த வகுப்புல பாப்போம்னு சொல்லணும். அடுத்த வகுப்புல யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறா?"

வள்ளி ஞாபகம் வைத்திருப்பாள் என்பது ஹாஃபிஸாவுக்குத் தெரியும். சாயங்காலம் காப்பி ஆராய்ச்சிப் பண்ணைக்கு நடந்து போய் அங்கிருந்த அலுவலரிடம் கேட்டாள். அவர் சிரிக்காமல்தான் சொன்னார். காப்பி இலைக்குத் துளைகள் எல்லாம் அடிப்பக்கம்தான், பூஞ்சை அதன் வழியாகத்தான் உள்ளே போகும், மேலே அதற்கு வாசல் இல்லை. பொட்டு ஒட்டிய தன் தெர்மாகோல் இலை ஹாஃபிஸாவின் கண்முன்னே வந்து நின்றது. இலைத்துளை அவள் பாடத்திட்டத்தில் மூன்றாவது நோக்கம். தலைப்பாகவே சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள்.

மறுநாள் முதல் வேலையாக, நேற்று நான் ஒட்டியது தப்பு என்று பிள்ளைகளிடம் சொன்னாள். வள்ளி உடனே, துளையைக் கண்ணால் பார்க்க முடியுமா என்று கேட்டாள். பள்ளியில் ஒரு நுண்ணோக்கி உண்டு. வாங்கிய நாளிலிருந்து பீரோவில் இருந்தது. வருடத்துக்கு ஒரு தடவை இருப்புச் சரிபார்ப்புக்கு வெளியே வந்து, துடைக்கப்பட்டு, திரும்ப உள்ளே போகும். உடைந்தால் யார் பதில் சொல்வது என்று சூசைமுத்து தயங்கினார். இடைவேளை முழுக்க ஹாஃபிஸா அவர் பின்னாலேயே நடந்த பிறகு சாவியைக் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தானும் வந்து நின்றுகொண்டார்.

இலையின் அடித்தோலை உரித்துக் கண்ணாடியில் வைத்தார்கள். வள்ளி ஒரு கண்ணை மூடி வெகுநேரம் குனிந்திருந்தாள். பின்னாலிருந்தவர்கள் முண்டினார்கள்.

"வாய் மாதிரி இருக்கு டீச்சர். நெறைய வாய்."

அடுத்துப் பார்த்தவர் சூசைமுத்து. இருபத்தாறு வருஷமாக இலைத்துளை பாடம் நடத்தியவர், இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று ஹாஃபிஸாவிடம் மட்டும் சொன்னார்.

இதையெல்லாம் அவள் தன் பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதினாள். சிவராமன் கையெழுத்துப் போட்டார். அதோடு போயிருக்கும். ஆனால் பிப்ரவரியில் கல்லூரிக்குத் தரம் பார்க்க மூன்று பேர் குழு வருவதாகக் கடிதம் வந்தது. அனுபவவழிக் கற்றலுக்கு என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள் என்று அதில் ஒரு கேள்வி. கல்லூரியே பதறிப்போய் எல்லாக் குறிப்பேடுகளையும் கிண்டியதில், ஒன்றே ஒன்றில்தான் அனுபவம் மாதிரி எதுவோ இருந்தது. சிவராமன் ஹாஃபிஸாவைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த வகுப்பை அப்படியே கல்லூரி அரங்கில் நடத்திக் காட்ட வேண்டும் என்றார்.

வள்ளியையும் மற்ற பிள்ளைகளையும் ஒரு வேன் வைத்துக் கூட்டி வரலாமே என்று அவள் கேட்டாள்.

"அந்தப் பிள்ளைங்க என்ன கேக்கும்னு சொல்ல முடியாதும்மா. ரிஸ்க்."

ஆக வள்ளியாகச் சத்தியபிரியா நியமிக்கப்பட்டாள். கேள்வியை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். ஏழாவது நிமிடம் அவள் கேட்பாள், ஹாஃபிஸா தெரியாது என்பாள், நாற்பது நொடியில் திரையில் விடை வரும். ஒத்திகையில் ஹாஃபிஸா தெரியாது என்று சொன்னது போதுமான தன்னம்பிக்கையோடு இல்லை என்று சிவராமன் நாலு தடவை திருப்பிச் சொல்ல வைத்தார்.

காப்பிச் செடி ஒன்றைத் தொட்டியோடு கொண்டுவந்து மேடையில் வைத்தார்கள். நாற்றங்காலில் வளர்ந்த நல்ல செடி. துருவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. குழு வந்து இறங்க ஒரு மணி நேரமே இருந்தது. சிவராமன் அசரவில்லை. கேன்டீனிலிருந்து மஞ்சள்தூளும் கொஞ்சம் மிளகாய்ப்பொடியும் வரவழைத்து, ஆறு இலைகளின் அடியில் தன் கையாலேயே தடவினார். அந்த இரண்டு வருடத்தில் அவர் ஒரு செடியைத் தொட்டு ஹாஃபிஸா பார்த்தது அன்றைக்குத்தான்.

குழு விருந்து முடித்துத் தாமதமாக வந்தது. சத்தியபிரியா இரட்டைச் சடையில் ரிப்பன் வைத்து எழுந்து, ஒரு கணம் திணறி, உண்மையான வள்ளியைவிட அழகாகக் கேட்டாள். அரங்கில் முணுமுணுப்பாகப் பாராட்டு எழுந்தது. அப்போதுதான் யாரும் எதிர்பாராதபடி குழுவிலிருந்த ஒரு பெரியவர் மேடையேறினார். தாவரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இலையைப் புரட்டினார், விரலால் தொட்டார், முகர்ந்தார். ஒரு தும்மல் போட்டார்.

"இது என்னம்மா?" என்று ஹாஃபிஸாவிடம் கேட்டார்.

ஒத்திகைப்படி அவள் இப்போது தெரியாது என்று சொல்ல வேண்டிய இடம். பக்கவாட்டில் நின்ற சிவராமன் உதட்டை அசைத்துக் காட்டினார். ஹாஃபிஸாவுக்கு அந்த நுண்ணோக்கி முன்னால் முண்டியடித்த தலைகள் ஞாபகத்துக்கு வந்தன. இங்கே பிள்ளை வேஷத்தில் ரிப்பன் வைத்த தலைகள் அசையாமல் இருந்தன.

"மஞ்சள்தூள் சார். மிளகாயும் இருக்கு."

பெரியவர் அவளைப் பார்த்துக் கண்ணால் சிரித்த மாதிரி இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் சிவராமன் மேடைக்கு வந்துவிட்டார். மலைப் பகுதிகளில் கிடைக்கும் எளிய பொருள்களைக் கொண்டு மாணவியர் தாமே நோய் மாதிரிகளை உருவாக்குகிறார்கள் என்று விளக்கினார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அறிக்கையில், 'செலவில்லா உபகரணம், பாராட்டத்தக்கது' என்று வந்தது. கல்லூரி ஒரு படி மேலே ஏறியது. அடுத்த வருடத்துப் பாடத்திட்டப் படிவத்தில் எட்டாவதாக ஒரு கட்டம் சேர்ந்தது: 'ஆசிரியர் தெரியாது என ஒப்புக்கொள்ளும் இடம், இரண்டு மதிப்பெண்.'

மேடையில் உண்மையைச் சொன்னதற்கு ஹாஃபிஸாவுக்கு அகமதிப்பீட்டில் பதில் கிடைத்தது. வகுப்பில் கடைசிக்கு முந்தின இடம். எதில் குறைந்தது என்று அத்தா ஒலியுல்லா கேட்டார். கட்டுப்பாட்டில் என்றாள். அவர் ஒரு தைலப் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டே, அது எனக்கு முன்னாலேயே தெரியும் என்றார்.

ஜூனில் சூசைமுத்து போன் செய்தார். ஒரு டீச்சர் மாறுதலில் போய்விட்டார், தற்காலிகமாக வர முடியுமா என்று கேட்டார். எங்கே கையெழுத்துப் போடணும் சார் என்றாள் அவள்.

பள்ளிக்குப் போன முதல் நாள் நல்ல மழை. ஜீப் பாதி வழியில் நின்றுவிட, மிச்சத்தை நடந்து ஏறினாள். வள்ளி ஒன்பதாவதுக்கு வேறு பள்ளிக்குப் போயிருந்தாள். வகுப்பில் நுழைந்ததும் முன்வரிசைப் பையன் ஒருவன் அவள் காலைக் காட்டினான். அட்டை ஒன்று ரத்தம் குடித்து ஊதிப்போய்க் கணுக்காலில் தொங்கியது. ஒருத்தி சத்துணவுக் கூடத்துக்கு ஓடி உப்பு வாங்கி வந்தாள். விழுந்த அட்டையைக் காகிதத்தில் ஏந்தி மேசைமேல் வைத்து இரண்டு வகுப்பும் சுற்றி நின்றது. இதற்குக் கண் உண்டா, இல்லாவிட்டால் என் கால் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தது என்று ஹாஃபிஸா கேட்டாள். உண்டு என்றது பாதி, இல்லை என்றது பாதி. மணி அடித்தும் யாரும் நகரவில்லை. மேற்பார்வைக்கு யாராவது வந்திருந்தால், பாடம் நடக்கவில்லை என்று எழுதியிருப்பார். அந்த மழையில் யார் ஏறி வரப்போகிறார்கள்?