எழும்போது தெரியும் அறை

கிரேன்காரருக்குத் தலைசுற்றல் என்று சொன்னால் துறைமுகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆயுசில் பாதியை ஆகாயத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கழித்த மனுஷன். காற்றில் கூண்டு ஆடும்போதே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தவர். அப்பேர்ப்பட்டவர் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபின், முழங்கால் உயரக் கட்டிலிலிருந்து எழுந்து நின்று, அப்படியே சரிந்து விழுந்தார்.

“அவ்வளவு உயரத்துல விழாதவன், கட்டில்லேர்ந்து விழுந்திருக்கேன் பாரு ஊசி” என்றார், தரையில் கிடந்தபடியே. வாய்க்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை.

ஊசி என்பது அவர் மனைவிக்கு வைத்த பெயர். சோபா, நாற்காலிகளுக்குத் துணி மாற்றிக் கொடுப்பது அவள் தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஆளும் ஒல்லி, பேச்சும் சுருக்கென்று தைக்கும். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச காலமாகவே அவர் உடம்பில் ஏதேதோ கோளாறு நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். கழிப்பறைக்குப் போனால் திரும்பி வர ஒரு யுகம் ஆகும். வெயில் காலத்திலும் பாதங்கள் சில்லிட்டுக் கிடக்கும். வியர்த்தால் முகத்தின் வலது பாதி மட்டும் நனையும். இடது பாதி, நடுவில் கோடு கிழித்து நிறுத்திய மாதிரி, காய்ந்து கிடக்கும். முன்பெல்லாம் பொய் சொன்னால் அவருக்கு நெற்றி முழுக்க வியர்த்துவிடும். அதனாலேயே சீட்டாட்டத்தில் ஒருநாளும் ஜெயித்ததில்லை. “இனிமே பாதிப் பொய் தைரியமா சொல்லலாம்” என்று அதற்கும் ஒரு ஜோக் வைத்திருந்தார்.

அதுவரை பார்த்த டாக்டர்கள் எல்லாரும் அவரை உட்காரவைத்துத்தான் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். உட்கார்ந்தால் அவர் ராஜா மாதிரி இருப்பார். புதிதாக வந்த டாக்டரம்மாதான் படுக்கவைத்துப் பார்த்து, பிறகு எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தாள். நிற்கும்போது அது மடமடவென்று இறங்கியது.

“இதயம் துடிக்கிறது, வியர்க்கிறது, சாப்பாடு செரிக்கிறது, இதெல்லாம் நாம சொல்லாமலே நடக்கிற வேலைங்க ஐயா. அதுக்குன்னு தனியா நரம்புகள் இருக்கு. உங்களுக்கு அது தளர்ந்துபோச்சு. நீங்க எழுந்து நின்னா ரத்தம் காலுக்கு இறங்கிடுது. தலைக்கு ஏத்திவிட ஆள் இல்லை.”

“கிரேன் ரிப்பேர்னு சொல்லுங்க” என்றார் அவர்.

டாக்டரம்மா சிரித்தாள். ஆனால் ஊசியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னது வேறு. “எழுறதுக்கு முன்னாடி தண்ணி குடிக்கணும். காலைத் தொங்கப் போட்டுக் கொஞ்ச நேரம் உட்காரணும். அப்புறம்தான் நிக்கணும். விழுந்து இடுப்பு உடைஞ்சா, இந்த வயசுல அப்புறம் எழுந்திருக்கவே மாட்டாரும்மா. எனக்கு அதுதான் பயம்.” அந்தப் பயம் ஊசியோடு வீட்டுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டது.

தெருவில் விழுந்துவிடுவோமோ, நாலு பேர் எதிரில் அடக்க முடியாமல் துணி நனைந்துவிடுமோ என்று அவர் தேநீர்க் கடைக்குப் போவதை நிறுத்தினார். பழைய கூட்டாளிகள் வந்து கூப்பிட்டால் தூங்குகிற மாதிரி படுத்துக்கொள்வார். ஊரையே மேலிருந்து பார்த்தவருக்கு ஒரு ஜன்னல் மட்டும் மிஞ்சியது.

பிறகு திடீரென்று ஆள் கலகலப்பானார். காலையில் முகத்தில் ஒரு களை. கேட்டால் மழுப்பினார். காரணமில்லாத சந்தோஷத்தை நம்புகிற ஜாதி இல்லை ஊசி. ஒருநாள் காலை தண்ணீரோடு உள்ளே போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். படுத்திருந்தவர் ஒரே வீச்சில் விருட்டென்று எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு வெளுத்துவிட்டது. கண்கள் திறந்திருந்தன, அவள் எதிரில் நிற்பதை அவை பார்க்கவில்லை. யாரோ தன் பக்கம் திரும்புவதற்காகக் காத்திருக்கிறவர் போல எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஓடிப்போய்த் தாங்கிக் கட்டிலில் உட்காரவைத்தாள். “வேணும்னே எழுந்தீங்களா? சாகணும்னு ஆசையா உங்களுக்கு?”

“கத்தாதே. ஒரு இடம் தெரியுது ஊசி. சட்டுனு எழுந்தா எல்லாம் சாம்பலாப் போயி, அப்புறம் ஒரு அறை தெரியுது. ஒரு நாற்காலி. அதுல ஒரு பொம்பளை, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கா. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா இந்தப் பக்கம் திரும்புறா.”

“யாரு?”

“முகம் இன்னும் தெரியல. அடைஞ்சு கிடக்கிறவனுக்கு அது ஒண்ணுதான் வெளியூர். அதையும் கெடுக்காதே.”

அவருக்கு இவள் இரண்டாம் தாரம். முதல் மனைவி கல்யாணமான வருஷமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். இத்தனை வருஷத்தில் இவள் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை, ஒரு நாள் மறந்ததும் இல்லை. அவள்தான் வந்து உட்கார்ந்திருக்கிறாள், கூட்டிக்கொண்டு போகத்தான் திரும்புகிறாள் என்று ஊசி முடிவே கட்டிவிட்டாள்.

“முடி எப்படி இருக்கு?” என்றாள் மெல்ல.

“நரைச்சிருக்கு.”

செத்தவர்களுக்கும் நரைக்குமா என்று யோசித்தபடி அவள் அவருடைய பாதங்களைத் தேய்த்துவிட்டாள். சூடு ஏறவே இல்லை.

“நாற்காலி என்ன கலர்?”

“எல்லாமே சாம்பல்தான். முதுகுக்கு அடியில மட்டும் ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்பா தையல். அது மட்டும் பளிச்சுனு தெரியுது.”

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றுபோனது. நாற்காலியின் முதுகுத் துணியை மூடும்போது கடைசி ஒரு சாண் மெஷினுக்கு எட்டாது. கையால்தான் தைத்தாக வேண்டும். துணி எந்த நிறமானாலும் அந்த ஒரு சாணை அவள் சிவப்பு நூலால் தைப்பாள். மறுபடி பிரிக்க நேர்ந்தால் எங்கே பிரிப்பது என்று தேட வேண்டாம் அல்லவா. வேறு எந்தத் தையல்காரரும் அப்படிச் செய்வதில்லை. அவருக்கு அது தெரிய வழியும் இல்லை. நாற்காலியில் உட்காரத்தான் தெரியுமே தவிர, அதன் பின்பக்கத்தை அவர் குனிந்து பார்த்ததே கிடையாது.

அடுத்த வாரமே வெளியூரிலிருக்கும் மகள் ஒரு நாற்காலி அனுப்பினாள். “அப்பா பிடிச்சு எழுந்திருக்கக் கைப்பிடி நல்லா உறுதியா இருக்கும்மா. பழசுதான், துணி கிழிஞ்சிருக்கு. நீயே மாத்திக்கோ” என்று போனில் சொன்னாள். முதுகு உயர்ந்த நாற்காலி. திருப்பி அனுப்ப மகளிடம் என்ன காரணம் சொல்வது? ஊசி சிவப்பு நூல்கண்டை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். பழுப்பு நூல்கண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளறையில் அவர் இருமும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு, விழுந்துவிட்டாரோ என்று பதறிக்கொண்டே தைத்து முடித்தாள். ‘வா பார்க்கலாம் இப்போ’ என்று அந்தச் செத்துப்போனவளிடம் மனசுக்குள் சொன்னாள். நாற்காலியை உள்ளறையில் கட்டிலுக்கு எதிரே போட்டாள்.

மறுநாள் காலை அவள் அடுப்படியிலிருந்து வருவதற்குள் அவர் மறுபடி விருட்டென்று எழுந்துவிட்டார். இந்த முறை கால் தானாக மடங்கிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கன்னத்தில் வியர்வை வழிந்தது. இடது கன்னத்தில் வழிந்தது கண்ணீர்.

“திரும்பிட்டா” என்றார்.

“அவளா?”

“எவ? நீதான். இது நம்ம அறைதான் ஊசி, இத்தனை நாளா எனக்குத் தெரியல. கட்டில் கிடக்கிற இடத்துல அந்த நாற்காலி கிடக்கு. கட்டில் இல்லை. நானும் இல்லை.” அவர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். “நீ தலைகூட வாரல. அதைத்தான் என்னால தாங்க முடியல.”

“இருக்காது” என்றாள் அவள். “இந்த நாற்காலிக்கு நான் சிவப்பு நூலே போடல. பாருங்க.” நாற்காலியைப் பரபரவென்று திருப்பினாள்.

முதுகுக்கு அடியில் ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்புத் தையல், நேர்த்தியாக, அவள் கைத் தையல். இழுப்பறையைத் திறந்ததோ, ஊசியில் அந்த நூலைக் கோத்ததோ அவளுக்குத் துளியும் ஞாபகம் இல்லை. நாம சொல்லாமலே நடக்கிற வேலை என்று டாக்டரம்மா சொன்னது காதில் கேட்டது. அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிரித்துவிடலாம் என்று கத்தரியை எடுத்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “விடு. உனக்கு உட்கார ஒண்ணு வேணும்ல.”

அதற்குப் பிறகு அவர் விருட்டென்று எழவே இல்லை. டாக்டரம்மாவே சலித்துக்கொள்கிற அளவுக்குச் சொன்னபடி கேட்டார். தண்ணீர் பாட்டிலோடு அவளையும் கூட்டிக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போனார். நடுவழியில் உட்கார்ந்தார், வெட்கப்படவில்லை. சீட்டாட்டத்தில் பொய் சொல்லி, பாதி நெற்றி வியர்த்து, பழையபடி தோற்றார். காலையில் அவர் கண் விழிக்கும்போது ஊசி தலைவாரி, எதிரே அந்த நாற்காலியில் அவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அவர் தண்ணீர் குடித்து, காலைத் தொங்கப் போட்டு, மெதுவாக எழுந்து நிற்பார்.

“என்ன தெரியுது?”

“நீ.”

“கட்டில் இருக்கா?”

“இருக்கு.”

அதைக் கேட்ட பிறகுதான் அவள் அடுப்பைப் பற்றவைக்கப் போவாள். மழைக்காலம் முழுக்க அப்படியே போயிற்று.

மழை விட்ட ஒரு காலையில் அவர் எழுந்து நின்று, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அவளையே பார்த்தார்.

“கட்டில் இருக்கா?” என்றாள்.

“இருக்கு” என்றார் அவர்.

நெற்றியின் வலது பாதியில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது. அவள் எழுந்து போய்த் தோளில் கிடந்த துணித்துண்டால் அதைத் துடைத்துவிட்டாள். அன்றைக்கு அடுப்படிக்குப் போகாமல் அவர் பக்கத்தில் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டாள்.