மூன்று பத்துச் சத்தம்

ஆலையின் பாய்லர் வெடித்த சத்தம் காற்றில் கரையாமல், அதை ஓட்டியவரின் நெஞ்சுக்குள் போய்த் தங்கிவிட்டது. அன்று முதல் தினமும் பிற்பகல் மூன்று பத்துக்கு அது அவர் மார்பிலிருந்து வெடித்தது. ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது, சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. தெருக்காரர்கள் முதல் மாதம் ஓடினார்கள், இரண்டாம் மாதம் காதைப் பொத்தினார்கள், மூன்றாம் மாதம் அதை வைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்கள். எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை, "நேத்து ரெண்டு நிமிஷம் லேட்டு, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

விபத்தன்று டீ வாங்கிவரும் முறை, பாய்லரில் கூடவே வேலை பார்த்த அவருடைய தம்பியுடையது. முழங்கால் வலி என்று தம்பி உட்கார்ந்துவிட, அண்ணன்தான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினார். பின்னாலிருந்து தம்பி ஏதோ கத்தினான். திரும்புவதற்குள் வெடித்துவிட்டது. அந்தக் கடைசிப் பேச்சும் சத்தத்தோடு சேர்ந்து நெஞ்சுக்குள் போயிருந்தது. தம்பி மனைவிக்கு அதைக் கேட்டாக வேண்டும். அவருக்கோ, 'என்னை விட்டுட்டுப் போறியே' என்றுதான் அது இருக்கும் என்று பயம். அதனால் மூன்று மணிக்கே தலையணையை மார்பில் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்து அடக்கினார். அடக்க அடக்கச் சத்தம் பெருத்தது. மருத்துவர் மாத்திரை எழுதினார், மூச்சுப் பயிற்சி சொன்னார், செடி வளர்க்கச் சொன்னார். மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு, மற்றதைச் சீட்டோடு மடித்து வைத்தார்.

சீட்டைப் பார்த்த தம்பி மனைவி, தொட்டாலே காய் வெடிக்கும் காசித்தும்பையை விதைத்த தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இருபது வருஷம் பாய்லர் ஓட்டுனீங்களே மாமா, ஆவிய இப்படித்தான் அடைச்சு வச்சீங்களா?"

"அடைச்சா வெடிக்கும்மா. வால்வ அப்பப்ப கொஞ்சம் தொறந்து விடணும்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

மறுநாளிலிருந்து மணிக்கொரு தரம் மண்ணைக் கிளறி, தொட்டியின் மேல் குனிந்து, எட்டு எண்ணும் வரை மெதுவாக மூச்சை விட்டார். மூச்சோடு கொஞ்சம் சத்தமும் மண்ணில் இறங்கியது. சில நாள் பழையபடி வெடித்துத் தொட்டி உடைந்தது. அவள் வேறு தொட்டி வாங்கி வந்தாள். ஓராண்டில் கதவை அறைகிற அளவுக்கும், அடுத்த ஆண்டில் தட்டு விழுகிற அளவுக்கும் சத்தம் சுருங்கியது. அதன் பின்னால் ஒரு குரல் முனகத் தொடங்கியது. அதன்பின் ஆறு நாள் அவர் தொட்டிப் பக்கமே போகவில்லை. அவள் வற்புறுத்தவில்லை. தினமும் ஸ்டூலைப் போட்டு மூன்று பத்து வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஏழாம் நாள் அவரே குனிந்தார்.

சத்தம் ஒரு சொடக்கு அளவில் வந்து அடங்கியது. பின்னாலேயே தம்பி தெளிவாகக் கத்தினான்: "அண்ணே, எனக்குச் சக்கர கம்மியா!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "சக்கரயக் கொறைங்கன்னு அவருகிட்ட பன்னெண்டு வருஷம் தலதலயா அடிச்சுக்கிட்டேன் மாமா. காதுலயே போட்டுக்கல்லன்னுல்ல நெனச்சேன்." சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாது. அவர் தலையணையின் கட்டை அவிழ்த்துக் கட்டிலில் போட்டுவிட்டு, அன்று மாலை வரை தூங்கினார்.

இப்போது அந்தத் தொட்டியின் காய்கள் யாரும் தொடாமலே மூன்று பத்துக்கு வெடிக்கின்றன. தெருவில் பலர் விதை வாங்கிப் போயிருக்கிறார்கள், கடிகாரத்துக்கு வசதி. காய் வெடித்ததும் அந்த வீட்டில் டீ போடுவார்கள். சர்க்கரை குறைவாகத்தான் இருக்கும். எதிர்வீட்டுக்காரர் வந்தால் தனியாகக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார்.