நாற்பதாவது ஆள்

எனக்கு வேலை கிடைத்துப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டதாம். கிடங்கு முதலாளி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

காலையில் அவர் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக் காட்டினேன். மூன்றாவது தட்டில் இருந்த சரக்கை ஒரு கீறல் விழாமல் இறக்கினேன். மனுஷருக்குத் திருப்தி. பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்ததும் முகம் மாறியது.

"வேலைவாய்ப்பு ஆபீஸ்ல நீ எங்கயோ வேலை பார்க்கறதா பதிவாகியிருக்கே? வேலை இல்லாதவங்கள எடுத்தாதான் ஆறு மாசத்துக்குப் பாதிச் சம்பளத்த கவர்மெண்ட் தரும். நாலு மணிக்குள்ள சரி பண்ணிட்டு வா. இல்லன்னா வேற ஆள் பார்த்துக்கறேன்."

ஒன்பது மாதமாக வீட்டில் சும்மா கிடக்கிறேன். என் பதிவு யார் கையில் இருக்கிறது தெரியுமா? அந்த ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கும் என் சகலை கையில். மனைவியின் தங்கையைக் கட்டியவன். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும்போதே, "ஏதாவது அமைஞ்சுதா அண்ணே?" என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி கேட்பான்.

அந்த மகராசன் என்னையும் டோக்கன் எடுத்து உட்காரச் சொன்னான். என் முறை வந்தபோது மூன்று ஐம்பது.

"சத்தம் போடாதீங்கண்ணே. மாசம் நாப்பது பேருக்கு வேலை வாங்கிக் குடுத்ததா மேல காட்டணும். ஒரு ஆள் குறைஞ்சுது. நம்ம ஆள்தானேன்னு உங்க பேரப் போட்டேன். ஒண்ணாம் தேதி எடுத்துடறேன்."

"இப்பவே எடு."

"ராஜினாமா கடிதம் இல்லாம எடுக்க முடியாதே."

"எந்த வேலைய ராஜினாமா பண்ண? நீயே சொல்லு!"

அவன் ஒரு படிவத்தை நீட்டினான். எழுதித் தொலைப்போம் என்று பேனாவை எடுத்தேன். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: தானாக வேலையை விட்டவரை ஆறு மாதத்துக்கு எந்த வேலைக்கும் அனுப்பக் கூடாது.

"இது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவன் நகத்தைப் பார்த்தான். தெரியும். தெரிந்தேதான் நீட்டியிருக்கிறான், படுபாவி.

அதற்குள் மேசைமேல் போன் அடித்தது. மணி நாலு. "அனுப்பறேன் சார், இப்பவே அனுப்பறேன்" என்று கிடங்கு முதலாளியிடம் குழைந்துவிட்டு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் யார்கிட்ட இருக்கு?"

மூலையில் ஒருத்தர் எழுந்தார். சகலை அவர் பெயரைத் தட்டி, சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினான். அவர் எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடினார். பாவம், அவருக்கென்ன தெரியும்.

சகலை என் பக்கம் திரும்பினான். முகமெல்லாம் பல்.

"இவரோட சரியா நாப்பது ஆயிடுச்சுண்ணே. இனி உங்க பேர் தேவையில்ல. இந்தாங்க, எடுத்துட்டேன். கடிதம்கூட வேண்டாம்."