என் மனைவியின் குடித்தனக்காரன்

என் மனைவி தன் வீட்டின் முன்னறையை ஓர் ஆளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள் என்று வரி அலுவலகம் கண்டுபிடித்து நோட்டீஸ் அனுப்பியது. அந்த ஆள் நான்தான். தாலி கட்டிய புருஷன்.

சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

முதலில் நான் ஏன் முன்னறையில் இருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவள் சொல்லுவாள், அது உங்களுக்கு இன்னும் நீளமாக இருக்கும். நான் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற கை சும்மா இருக்குமா? அரிக்கும். சமையலறைக்கு வெளியே, வீட்டு நடையில் இருந்த வாஷிங் மிஷின் லேசாகச் சத்தம் போட்டது. திறந்தேன், பார்த்தேன், ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றினேன். புது ஸ்பிரிங் வாங்கக் கடைக்குப் போனேன். மிஷின் ஓடாது என்றுதான் நினைத்தேன். அவள் துணியைப் போட்டு ஓடவிட்டுவிட்டு சமையலறைக்குள் போயிருக்கிறாள். அந்தப் பாழாய்ப்போன மிஷின் குதித்துக் குதித்து நகர்ந்து, சமையலறைக் கதவை முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கதவோ வெளிப்பக்கம் திறப்பது. அவள் உள்ளே, போன் வெளியே, நான் கடைக்காரரோடு பழைய லிஃப்ட்டுகளைப் பற்றி அரட்டையில். திரும்பி வரச் சாயங்காலம் ஆகிவிட்டது.

"இந்த வீட்டுல ஒண்ணு உங்க ஸ்க்ரூ டிரைவர் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள்.

வீடு அவள் பெயரில் இருக்கிறது, அவளுடைய அப்பா கொடுத்தது. எனக்கு மட்டும் ரோஷம் கிடையாதா? கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டேன். அதற்குத் தெருப்பக்கம் தனி வாசலும் ஒரு சின்னக் குளியலறையும் உண்டு. அவள் நடுக்கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். போதாதென்று இரும்பு பீரோவை இழுத்து வந்து கதவோடு ஒட்டி நிறுத்தினாள். அந்தச் சத்தத்தை நான் இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தனியாக அதை எப்படி இழுத்தாள் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அந்த மழைக்காலம் முழுக்க அப்படியே போனது. நான் ஒரு கரண்ட் அடுப்பு வாங்கி முட்டை அவித்துத் தின்றேன். முட்டையைப் பொரித்தேன், உடைத்து ஊற்றினேன், திரும்பவும் அவித்தேன். என் வாசலுக்கென்று தகரத்தில் ஒரு தபால் பெட்டியும் செய்து மாட்டினேன். உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளே போய்விட வேண்டும்போல் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் டிவி பார்த்துச் சிரிப்பாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாமல் எனக்குத் தூக்கமே வராது. ஆனால் போய்க் கேட்பது யார்? நான் என்ன மானம் கெட்டவனா?

அந்த நேரம் பார்த்துத்தான் வரி அலுவலகத்திலிருந்து வீடு அளக்க ஒருவர் வந்தார். அவள் ஊரில் இல்லை, தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். வந்தவர் அடுப்பைப் பார்த்தார், தபால் பெட்டியைப் பார்த்தார். "எல்லாம் தனித்தனியா சார்?" என்று கேட்டார்.

"எல்லாமே தனி. நான் யார் தயவுலயும் இல்ல" என்றேன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அவர் தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் நடுக்கதவின் அடியிலிருந்து ஒரு காகிதம் என் பக்கம் நகர்ந்து வந்தது. பின்னாலேயே அவள் குரல்.

"படிங்க."

அளவு சரி. கட்டிய வருஷம் சரி. அதற்குக் கீழே 'பகுதி இரண்டு: வாடகைக்கு விடப்பட்டது' என்றிருந்தது. வரி ஏறக்குறைய இரட்டிப்பு.

"என்ன சொன்னீங்க அந்த ஆள்கிட்ட?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லாமலா எனக்குக் குடித்தனக்காரன் முளைச்சான்? நாளைக்கு மேல்முறையீடு பண்ணணும். சட்டையைத் தேய்ச்சுப் போட்டுட்டு வாங்க."

மழைக்காலம் முழுக்கப் பேசாதவள் பேசியதே இதுதான். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். வரி அலுவலகம் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மேல்முறையீட்டை விசாரிக்கும் அதிகாரி ஒரு பெண். மேஜையில் ஃபைல்கள் குவிந்திருந்தன. முகத்தில் சிரிப்புக்கு இடமே இல்லை. எங்கள் கல்யாணப் போட்டோவை நீட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"புருஷனா இருந்தா குடித்தனம் இருக்கக் கூடாதுன்னு சட்டத்துல எங்கயும் இல்லையே."

போட்டோவைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"ஒரே குடும்பம்னா ஒரே சமையல் இருக்கணும், உள்ள போய் வர வழி இருக்கணும். நானே நேர்ல வந்து பார்க்கிறேன்."

"தாராளமா வாங்க. நாங்க ரொம்ப ஒத்துமை" என்றாள் என் மனைவி. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் முன் சீட்டில், நான் கடைசி சீட்டில்.

அதிகாரி வருகிற அன்று காலையில் பீரோ நகர்ந்தது, நடுக்கதவு திறந்தது. "அந்தம்மா போற வரைக்கும்தான். போனதும் தாழ்ப்பாள்" என்று முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். அடுப்பைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். என் பல் துலக்கும் பிரஷ்ஷை அவளுடையதற்குப் பக்கத்தில் வைத்தேன். அப்படியே மறந்ததுபோல் விட்டுவிடலாம் என்று ஒரு நப்பாசை.

அதிகாரி வந்து உட்கார்ந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒற்றுமையைக் காட்ட ஆரம்பித்தோம்.

"டீ எடுத்துக்கோங்க" என்றாள் என்னிடம்.

"பரவாயில்லைங்க, உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்றேன். பயத்தில் அவளை 'உங்களுக்கு' என்று சொல்லிவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவளை நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"சிரமம் ஒண்ணும் இல்லைங்க."

"ரொம்ப நன்றிங்க."

அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டு வரீங்களா சார்?" என்றார்.

சமையலறைக்குப் போனேன். டம்ளர் இருக்கும் அலமாரியைத் திறந்தால் சோப்புத்தூள். அடுத்ததில் பழைய பேப்பர். அந்தப் பாதகி எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்திருக்கிறாள்! கடைசியில் கையில் கிடைத்த ஒரு பால் பாத்திரத்தில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய் நீட்டினேன்.

"சார் இந்த வீட்டுக்குப் புதுசா?" என்று கேட்டார் அதிகாரி.

பிறகு ஃபைலை மூடினார். "நான் எத்தனையோ வாடகை வீடு பார்த்திருக்கேன். ஓனரும் குடித்தனக்காரரும் இப்படித்தான் மரியாதையா பேசிக்குவாங்க. நோட்டீஸ்ல மாத்தம் ஒண்ணும் இல்ல."

வரி போகட்டும், கழுதை. இவர் எழுந்து போனால் கதவு சாத்தப்படும், பீரோ திரும்பவும் வரும்.

"மேடம், ஒரு நிமிஷம்! இதெல்லாம் ஒரு சாதாரண விஷயம் மேடம். வாஷிங் மிஷின்ல ஒரே ஒரு ஸ்பிரிங்தான்..."

"ஒரே ஒரு ஸ்பிரிங்கா?" என்றாள் என் மனைவி.

போச்சுடா என்று நினைத்தேன்.

"ஒரே ஒரு ஸ்பிரிங்கா! அயர்ன் பாக்ஸும் ஒரே ஒரு ஸ்க்ரூதான்னு சொன்னீங்க, என் பட்டுப்புடவை என்ன ஆச்சு? காலிங் பெல்லைச் சரி பண்றேன்னு எங்க அண்ணனுக்கு ஷாக் அடிக்க வெச்சீங்களே!"

"உங்க அண்ணன் ஈரக்கையோட அமுக்கினா நான் என்ன பண்றது? வேணும்னே மழையில நனைஞ்சுட்டு வந்தாரு!"

"எங்க அண்ணனைப் பத்தி ஒரு வார்த்தை பேசினீங்க..."

"நூறு வார்த்தை பேசுவேன்டி!"

"பேசுவீங்க! பேசத்தானே தெரியும்! கடைக்காரன்கிட்ட இருட்டுற வரைக்கும் பேசினீங்களே, நான் உள்ள கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போச்சு! எனக்கு என்னமோ ஆயிடும்னு பயந்துட்டேன். வந்தீங்க. வந்ததும் என்ன பண்ணீங்க? மிஷினைத்தானே தடவிப் பார்த்தீங்க! அதுக்கு அடி பட்டுச்சான்னு பார்த்தீங்க! என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. முதலில் மிஷினைத்தான் பார்த்தேன். கோபம் ஸ்க்ரூ டிரைவர்மேல் என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

"தப்புதான். உன்னைத்தான் முதல்ல பார்த்திருக்கணும்" என்றேன்.

என் வாயிலிருந்து இந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பாய்ந்தாள். "முட்டையா தின்னு தின்னு ஆளைப் பாரு. கன்னம் ஒட்டிப் போய், பேன்ட் இடுப்புல நிக்கல. பார்க்கிறவங்க என்னைத்தான் பேசுவாங்க."

அதிகாரி எப்போது ஃபைலை மறுபடி திறந்தார் என்று நாங்கள் கவனிக்கவில்லை.

"ஒரே குடும்பம்" என்று சொல்லிக்கொண்டே பகுதி இரண்டைக் கோடு போட்டு அடித்தார். "குடித்தனக்காரரை யாரும் இந்த மாதிரி திட்ட மாட்டாங்கம்மா. மறுநாளே காலி பண்ணிட்டுப் போயிடுவாரு."

பிறகு முன்னறைப் பக்கம் பேனாவைக் காட்டினார். "அந்த ரூமுக்கு என்ன எழுதட்டும்? ஆள் இருக்காங்களா?"

நான் அவளைப் பார்த்தேன். என் மனைவி டீ டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தாள். தட்டைத் தூக்கிக்கொண்டாள்.

"காலின்னு எழுதுங்க."

சமையலறை வாசலில் போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன மரம் மாதிரி நிக்கிறீங்க? அந்தம்மா பொய்யா எழுதிட்டுப் போகணுமா? போங்க, தலையணையை எடுத்துட்டு உள்ள வாங்க."

ஓடினேன். தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுக்கதவைத் தாண்டி உள்ளே வந்தேன். அதுவரை பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த அதிகாரி, நான் உள்ளே வந்த பிறகுதான் எழுதினார்.